ஒரே வாயில் போகிற பணியாரம்

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்து உட்கார்ந்தால் மேசையில் ஸ்பூன் இல்லை. தட்டு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மடியில் விரிக்கிற துண்டு இருக்கிறது, ஸ்பூனை மட்டும் காணோம். எனக்கு எதிர் நாற்காலி குர்லா அண்ணாச்சியுடையது. ஆயுசு முழுக்க லேத்துப் பட்டறையில் நின்று இரும்பு கடைந்தவர். ஒரு ஸ்குரூ காணாமல் போனாலும் தேடாமல் விடமாட்டார். மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“யக்கா, எவனோ களவாணிப் பய வந்திருக்கான். டிவியை விட்டுட்டு ஸ்பூனைத் தூக்கிட்டுப் போயிருக்கான்னா அவனுக்கு எவ்வளவு பசி இருந்திருக்கணும்!”

களவு ஒன்றும் போகவில்லை. எங்கள் முதியோர் ஹோமுக்கு வருகிற டயட் மேடம்தான் ஸ்பூனை எல்லாம் அடுக்களையில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். மேடம் என்றதும் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். மராத்திக்காரப் பிள்ளை. ஸ்கூட்டியில் வந்து இறங்கும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னாலேயே பேச ஆரம்பித்துவிடும். எங்களை எல்லாம் அவர்கள் பாஷையில் பாட்டி, தாத்தா என்கிற மாதிரி ஆஜி, ஆஜோபா என்றுதான் கூப்பிடும். அன்றைக்கு மேசைகளுக்கு நடுவில் நின்று கையைத் தட்டி ஹிந்தியில் சொன்னாள். உங்களில் பாதிப் பேருக்குக் கை நடுங்குகிறது, சோறும் பருப்பும் ஸ்பூனில் ஏறி வாய்க்கு வருவதற்குள் பாதி கீழே போய்விடுகிறது, அந்தக் கூச்சத்தில் கொஞ்சமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறீர்கள், எல்லாரும் இளைத்துப் போகிறீர்கள். இனிமேல் விரலால் எடுத்து அப்படியே வாயில் வைக்கிற மாதிரிச் சாப்பாடு. யாரும் யாருக்கும் ஊட்ட வேண்டாம். அதற்குப் பேர் ஃபிங்கர் ஃபுட்.

“விரலைத் திங்கச் சொல்லுதாளா?” என்றார் அண்ணாச்சி.

அதற்குள் தட்டுத் தட்டாக வந்துவிட்டது. காய்கறி கட்லெட், நீளநீளமாக வெட்டின பனீர், வெந்தயக்கீரை போட்ட தேப்லா ரொட்டியைச் சுருட்டி வைத்தது, வேகவைத்த காரட். ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் ஒரு பெரிய தட்டு, ஆளுக்கு ஒரு சின்னத் தட்டு. சும்மா சொல்லக் கூடாது, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆகிவிட்டது கூடம். மூன்று வேளையும் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிடுகிற ஒரு அம்மா கண்ணைத் திறந்து காரட்டைப் பார்த்தாள். அண்ணாச்சி, சாப்பாட்டுக்கு முன்னால் நீளமாக ஜெபம் பண்ணி எல்லாருடைய சோற்றையும் ஆற வைக்கிறவர், அன்றைக்கு “ஸ்தோத்திரம், ஆமென்” என்று இரண்டே வார்த்தையில் கர்த்தரை அனுப்பிவிட்டுக் கட்லெட்டை எடுத்தார்.

என் பக்கத்து நாற்காலியில் மாமி. மாமி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பசியில்லை.”

என்னைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு இடம் கிடைக்காது. நான் தாராவியில் தோல் பை தைத்தவள். பையின் கைப்பிடி என் வேலை. பம்பாயில் ஏதாவது பழைய பையில் பை கிழிந்து பிடி மட்டும் உறுதியாக நின்றால் அது நான் தைத்ததாக இருக்கும். எழுத்து, கோயில் நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் எழுத்துக்கூட்டி வாசித்து வந்தது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் போகும். அவசரமாகப் போகிறவர்கள் வேறு யாருடையதையாவது வாசித்துக்கொள்ளலாம். சமையல் எனக்கு வராது. எங்கள் வீட்டில் சமைத்தது என் வீட்டுக்காரர். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, அவருக்கும் இருந்ததில்லை. அவர் போன பிறகு மகன் சான்பாடாவில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். பகல் முழுக்கப் பூட்டின வீட்டில் உட்கார்ந்து லிஃப்ட் சத்தம் கேட்க என்னால் முடியாது என்று சொல்லி, செம்பூரில் இந்த ஹோமை நானாகப் பார்த்து நானாக வந்தேன்.

மாமி மாட்டுங்கா. ஃபோர்ட்டில் பெரிய ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ரயில் தண்டவாளம்தான். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். நான் கிங்ஸ் சர்க்கிளில் பூ வாங்கப் போனபோதெல்லாம் மாமியை இடித்துக்கொண்டு போயிருப்பேன், யார் கண்டது. இப்போது ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு ஃபேன். ஃபேனை மாமி குறைப்பார், நான் கூட்டுவேன். அதற்குத் தினமும் ஒரு சண்டை. அந்தச் சண்டை இல்லாவிட்டால் எனக்குப் பொழுது விடியாது.

மாமிக்குக் கை நடுக்கம் கடுமை. ஸ்பூன் இருந்த காலத்தில் சேலை எல்லாம் சாம்பார் ஆகும். ஆயா ஊட்ட வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வார். அதனால் பாலும் மோரும்தான் உள்ளே போகும். ஃபிங்கர் ஃபுட் வந்ததும் மாமியும் தேறிவிடுவார் என்றுதான் நான் இருந்தேன். மறுநாளும் பசியில்லை. அதற்கு மறுநாளும் பசியில்லை. எல்லாருக்கும் கன்னத்தில் சதை வைத்துக்கொண்டு வர, மாமியின் வளையல் மட்டும் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மாதா மாதம் எங்களை எடை பார்ப்பார்கள். நிற்க முடியாதவர்கள் இருப்பதால் அதற்கென்று ஒரு நாற்காலி உண்டு, உட்கார்ந்தால் பக்கத்தில் நம்பர் எரியும். அந்த மாதம் மாமி உட்கார்ந்ததும் டயட் மேடம் நம்பரைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிட்டாள். சாயங்காலம் அறைக்கு வந்து, மாமியின் கட்டிலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த எடையிலும் இறங்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய் வைத்துப் பால் கஞ்சி விட வேண்டியதுதான்.

குழாய் வைத்தவர்களுக்கு எங்கள் ஹோமில் மேல் மாடி. மேல் மாடிக்குப் போனவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கி நான் பார்த்ததில்லை.

மாமி மூக்கைத் தொட்டுப் பார்த்தார். “குழாய் போட்டா மூக்குத்தியைக் கழட்டணுமா?” என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, நான் ஏன் சிரிக்கிறேன் என்று பார்த்தாள். பிறகு அவள் போனதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இவர் மேலே போய்விட்டால் நான் ஃபேனை யாருக்கு எதிராகக் கூட்டுவது?

அன்றிலிருந்து மாமியைச் சாப்பிட வைப்பது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். எடுத்த வேலையை நான் விட்டதில்லை. கட்லெட்டைப் பேப்பரில் சுற்றி அறைக்குக் கொண்டு வந்தேன். மாமி முன்னால் உட்கார்ந்து, “அடடா, என்னா ருசி, என்னா ருசி” என்று நானே தின்று காட்டினேன். மாமி என்னையே பார்த்தார்.

“நன்னா சத்தம் போட்டுச் சாப்பிடறேள்.”

“ஒங்களுக்கு ஆசை வரட்டும்னுதான் மாமி.”

“வரலையே. பயம்தான் வரது.”

இன்னொரு நாள் மத்தியானம், கூடத்தில் மாமி எதையும் தொடாமல் எழுந்துவிட, நான் ஒரு கட்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே அறைக்குப் போனேன். “ஒண்ணே ஒண்ணு. எனக்காகச் சாப்பிடுங்க” என்று நீட்டினேன். மாமி என் கையைப் பார்த்தார். கட்லெட்டைப் பார்த்தார். “வேண்டாம்” என்று சொல்லி முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தத் திருப்பல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாள் புரியாதது புரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

“ஓஹோ. அப்படியா சங்கதி! நான் தொட்டதுனாலதானே? தோலு தச்ச கை. அடுக்களையில சமைக்கிற மௌசி தொட்டிருக்கா, மேசையில அண்ணாச்சி தொட்டிருக்காரு, ஒங்க ஆசாரத்துக்கு ஆகல. அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? எதுக்குப் பசியில்ல பசியில்லன்னு எங்களை எல்லாம் கோட்டி ஆக்குதீய?”

“ஏன் இப்படிக் கத்தறேள்?”

“கத்தத்தான் செய்வேன். தண்டவாளத்தைத் தாண்டி வந்தும் ஒங்க மடி ஆசாரம் போகல பாருங்க!”

மாமி எழுந்து உட்கார்ந்தார். “உங்க கை பட்டதால இல்லை. என் வாய் பட்டதால!” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. கட்லெட்டோடு நின்றேன்.

“இவ்வளவு பெரிசை எப்படி ஒரே வாயில போடறது? கடிக்கணும். கடிச்ச மீதியை என்ன பண்றது? கையில வச்சுண்டா ஆடி ஆடி விழறது. தட்டுல வச்சா தட்டு பூரா எச்சல். வாய்ல வச்ச விரலோட நடுத்தட்டுல கை விட்டா எல்லாருக்கும் எச்சல். எங்காத்துல எதையும் கடிச்சுத் தின்னதில்லை. பிட்டு, உதடு படாமப் போட்டுக்கணும். ஆபீஸ் கேன்டீன்ல சாண்ட்விச்சைக்கூடப் பிச்சுப் பிச்சுத்தான் தின்னேன், எல்லாரும் கேலி பண்ணுவா. இப்போ இந்த விரலுக்குப் பிட வரலை.”

“இதை அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“அந்தக் குழந்தை எவ்வளவு ஆசையாப் பண்ணித் தரா. அவகிட்டப் போய் எச்சல், பத்து, தீட்டுன்னு சொல்லச் சொல்றேளா? படிச்சவ, ஆபீஸ் போனவ, இந்தக் காலத்துலயும் இப்படிப் பேசறாளேன்னு சிரிக்க மாட்டாளா?”

“சரி, நான் பிட்டுத் தாரேன்.”

“பிட்டுக் குடுத்தா அப்புறம் ஊட்டறதுதான் பாக்கி. நான் என்ன பச்சைக் குழந்தையா?”

சொல்லிவிட்டு மாமி மூக்கை உறிஞ்சினார். நான் கட்லெட்டைக் கடித்தேன். கடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

“மாமி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்க பல்லு கட்டின பல்லுதானே? கடையில வாங்கினது. அதுல கடிச்சா அது எப்படி ஒங்க எச்சல் ஆகும்?”

மாமி உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, ஆபீஸ் ஃபைலைப் பார்க்கிற மாதிரி யோசித்தார். “அம்மா இதைச் சொல்லித் தரலையே” என்றார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. சிரித்ததில் மாமியின் மேல் பல் கழன்று முன்னால் வர, அதை அவர் நாக்கால் தள்ள, அது திரும்ப வர, நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு வந்த சிஸ்டர் எனக்கு நெஞ்சு வலி என்று நினைத்து பிபி மெஷினைக் கொண்டு வந்தாள்.

சிரித்து முடித்த பிறகு விஷயம் சுலபமாகத் தெரிந்தது. கடிக்காமல் முழுசாக ஒரே வாயில் போக வேண்டும். நடுங்குகிற விரலில் உதிராமல் நிற்க வேண்டும். பிட்டுத் தர வேண்டாத அளவிலேயே பிறந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று உலகத்தில் உண்டு. பணியாரம்.

அடுக்களை மௌசி ரத்னகிரிப் பக்கத்துக்காரி. போய் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் ஊரிலும் எச்சல் உண்டாம், அவளுடைய மாமியார் இன்னும் மோசமாம். அலமாரிக்கு மேலே இருந்து குழிக்கல்லை இறக்கினாள். அவர்கள் அதில் அப்பே சுடுவார்கள், நாம் பணியாரம் சுடுவோம், கல் ஒன்றுதான்.

“நான் சுடுதேன்” என்றேன்.

எனக்குச் சமையல் வராது என்று மேலே எழுதியிருக்கிறேன். மௌசிக்கு அதை நான் சொல்லவில்லை.

முதல் ஈடு உப்பி எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது. மலைப்பாம்புக்குத்தான் ஒரே வாயில் போகும். இரண்டாவது ஈட்டுக்கு மாவைக் கெட்டியாக்கி, ருசிக்கு இருக்கட்டும் என்று தேங்காய்ப் பல் போட்டு, நன்றாக முறுக விட்டேன். சின்னதாக, அழகாக, உருண்டையாக வந்தது. எனக்கு ஒரே பெருமை. அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். அவர் அதை விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்து, காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்து, தரையில் போட்டார். அது ஓடி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது.

“யக்கா, அருமையான பேரிங். குர்லால என் பட்டறையில இந்த ஃபினிஷிங் வராது. ஒரு கிலோ தாங்க, பழைய மெஷின் ஒண்ணு நிக்கி.”

“தின்னுட்டுப் பேசுங்க அண்ணாச்சி!”

“தின்னா எப்படிப் பேச?”

இந்த நேரத்தில் டயட் மேடம் உள்ளே வந்தாள். மௌசி மாமியின் கதையை மராத்தியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மாமி பயந்த மாதிரி அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டாள். “இதை நான் கேட்டிருக்க வேண்டும்” என்றாள். பிறகு என் பேரிங்கில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு உடனே வெளியே எடுத்துவிட்டாள். அவள் மரியாதை தெரிந்த பிள்ளை, பேப்பரில் சுற்றித்தான் குப்பையில் போட்டாள்.

அதன் பிறகு அவள் ஸ்லீவை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றாள். முழுசாக வாயில் போடுகிற சாமானில்தான் பயம் அதிகம் என்று எங்களுக்குச் சொன்னாள். தொண்டையில் மாட்டிக்கொண்டால் உயிர் போகிற காரியம். நாக்கால் மேலே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் உதிரியாகத் தூளாகக் கூடாது. தேங்காய்ப் பல் கூடவே கூடாது. இட்லி மாவில் பாசிப்பருப்பை வேகவைத்து மசித்துப் போடு, பனீரைத் துருவிப் போடு, தயிர் விடு, நெய்யைத் தாராளமாக விடு. சின்ன உருண்டையில் பெரிய சத்து இருக்க வேண்டும் என்றாள். அந்தச் சின்ன அளவுக்கு மாவு விட அகப்பை பெரிசாக இருந்தது. மௌசி, எடுத்து ஒளித்து வைத்திருந்த ஸ்பூன்களில் ஒன்றைக் கொண்டு வந்தாள். குழியில் பாதி கூட நிரப்பாமல் ஒரே ஒரு ஸ்பூன்.

அளவு சரிதானா என்று பார்க்க நான் அறைக்குப் போனேன்.

“மாமி, ஆ காட்டுங்க.”

“எதுக்கு?”

“அளவெடுக்கணும். பிடி தைக்கிறதுக்கு முன்னால பையை அளக்க வேண்டாமா?”

மாமி ஆ காட்டினார். நான் என் விரலை வளைத்து அளந்துகொண்டு அந்த வளைவைக் கலைக்காமல் அடுக்களை வரைக்கும் நடந்து போனேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் நடுக்கம் வந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் மாமிக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணம். மஞ்சளாக, மெத்தென்று, பன்னீர்த் திராட்சையை விடக் கொஞ்சம் பெரிசு. மௌசி சமையலறை வாசலில் நின்றாள். மேடம் தூண் ஓரத்தில் நின்றாள். அண்ணாச்சி கண்ணை மூடி ஜெபம் ஆரம்பித்திருந்தார்.

மாமி ஒன்றை எடுத்தார். இடம் வலமாகக் கை ஆடுகிறது, ஆனாலும் பணியாரம் உதிரவில்லை. நான் மூச்சு விடவில்லை. மாமி அதை உதட்டுக்குக் கொண்டு போவார் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ தலையை அண்ணாந்து, சொம்பிலிருந்து தண்ணீர் குடிக்கிற மாதிரி, கையை மேலே தூக்கிப் போட்டார்.

முதல் பணியாரம் மூக்கில் பட்டு என் மடியில் விழுந்தது.

“பரவாயில்ல மாமி, இன்னொண்ணு.”

இரண்டாவது பணியாரத்தை விடும்போது கை வெட்டி இழுத்துவிட்டது. அது மேசையைத் தாண்டிப் பறந்து, “அன்றன்றுள்ள எங்கள் அப்பத்தை எங்களுக்கு இன்று தாரும்” என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் நெற்றியில் போய் ஒட்டியது. அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். நெற்றியிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“இவ்வளவு சீக்கிரமா எனக்கு எப்பவும் பதில் வந்ததில்லையே” என்றார்.

மூன்றாவது நேராக உள்ளே போனது. மாமி வாயை மூடினார். மென்றார். விழுங்கினார். பிறகு, கண்ணில் தண்ணீர் வர, “உப்புக் கொஞ்சம் குறைச்சல்” என்றார்.

கை தட்டல் என்றால் அப்படி ஒரு கை தட்டல். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அண்ணாச்சி நெற்றிப் பணியாரத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்காட்டினார். கண் மூடிச் சாப்பிடுகிற அம்மா கட்லெட்டைத் தூக்கிப் போட்டாள், அது ஃபேன் வரைக்கும் போனது. காரட் பறந்தது. பனீர் பறந்தது. எல்லாரும் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு, குருவிக் கூட்டில் குஞ்சுகள் மாதிரி. சிஸ்டர் “நீச்சே தேகோ, கீழ பாருங்க, அடைச்சுக்கும்!” என்று ஹிந்தியும் தமிழுமாகக் கத்திக்கொண்டு மேசைக்கு மேசை ஓடி எல்லார் தலையையும் அமுக்கினாள். மேடம் சிரிக்கவும் செய்கிறாள், பயத்தில் முகம் வெளுக்கவும் செய்கிறது.

அன்று சாயங்காலம் பேச்சுவார்த்தை. அண்ணாந்து போடவே கூடாது என்றாள் மேடம். உதடு படவே கூடாது என்றார் மாமி. வீம்பில் மாமி ஹிந்தியை விட்டுத் தமிழிலேயே பேச, நான் நடுவில், இந்தப் பக்கத்து ஹிந்தியை அந்தப் பக்கத்துத் தமிழாக்கி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் என் சொந்தச் சரக்கும் சேர்த்துச் சொன்னேன். கடைசியில் மாமி இறங்கி வந்தார். “ஒரு விரக்கடை இடைவெளி இருந்தாப் போறும். தலையை நேரா வச்சுண்டு, கிட்டக்கக் கொண்டு போய் விட்டுடறேன்.” மேடம் தன் விரலை மாமியின் உதட்டுக்கும் பணியாரத்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். சரி என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றை விழுங்கின பிறகுதான் அடுத்தது, பக்கத்தில் ஆயா நிற்க வேண்டும், ஊட்ட அல்ல, பார்த்துக்கொள்ள. எல்லாவற்றுக்கும் மாமி சரி என்றார்.

அப்புறம் தினமும் பணியாரம்தான். ஒரு நாள் பாசிப்பருப்பு, ஒரு நாள் பூசணிக்காய் துருவியது, ஒரு நாள் வெல்லமும் வாழைப்பழமும் போட்டு இனிப்பு. பார்த்த மற்றவர்களும் கேட்டார்கள். சுடுவது மௌசி. அடுப்புப் பக்கம் என்னை விடுவதில்லை. அளவும் ருசியும் சரிபார்க்கிறது மட்டும் நான். ஒவ்வொரு ஈடும் நான் பார்த்த பிறகுதான் மேசைக்குப் போகும். இனிப்பு என்றால் இரண்டு தடவை பார்ப்பேன்.

எடை பார்க்கிற நாள் வந்தது. காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமி சால்வையைப் போர்த்திக்கொண்டு போகலாமா என்று கேட்டார். கொஞ்சம் கனம் காட்டுமே என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மேடம் சால்வையை வாங்கி என் தோளில் போட்டாள். மாமி நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணாச்சி வந்து நின்றார். மௌசி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

நம்பர் நிற்கவில்லை.

மாமிக்கு நடுக்கம், நாற்காலியும் சேர்ந்து ஆடுகிறது, நம்பர் ஏறுகிறது இறங்குகிறது, ஏறுகிறது இறங்குகிறது. ஏறும்போது நான் “ஆங்” என்கிறேன், இறங்கும்போது “ஐயோ” என்கிறேன். “ஆங், ஐயோ, ஆங், ஐயோ” என்று அண்ணாச்சியும் சேர்ந்துகொண்டார். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் நம்பர் இன்னும் தாறுமாறாக ஓடியது.

“ஆஜி, சிரிக்காதீங்க, கொஞ்சம் சிரிக்காதீங்க” என்று கெஞ்சினாள் மேடம், தானும் சிரித்துக்கொண்டு.

“அவாளை முதல்ல வெளியில அனுப்பு” என்று மாமி என்னைக் காட்டினார்.

என்னை வெளியே அனுப்பினார்கள். நான் தூரப் போகவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று துவாரத்தில் பார்த்தேன். மாமி கண்ணை மூடிக் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெறும் எலும்பாகத் தெரிந்தார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஒருவேளை இத்தனை ஆட்டமும் வீண்தானோ, நாளைக்கு அந்தக் கட்டிலில் வேறு யாரோ வந்து படுப்பார்களோ என்று நினைத்தேன். நம்பர் மெதுவாக, மெதுவாக நின்றது. மேடம் குனிந்து பார்த்தாள். நம்பர் எரிகிற கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள்.

“ஏறியிருக்கு” என்றாள். “கொஞ்சம்தான். ஆனா ஏறியிருக்கு.”

நான் கதவைத் தள்ளின வேகத்தில் அண்ணாச்சி சுவரில் போய் முட்டினார். மௌசி என்னைக் கட்டிக்கொண்டாள், நான் மேடத்தைக் கட்டிக்கொண்டேன். மேடம் அங்கே நின்றே டாக்டருக்குப் போன் பண்ணினாள். குழாய் இப்போது வேண்டாம், இதே சாப்பாடு போகட்டும் என்று அவர் சொன்னதை ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்க வைத்தாள். மாமி எழுந்திருக்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி, காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“சரி, அடுத்தது நீங்க உட்காருங்க ஆஜி” என்றாள் மேடம் என்னிடம்.

நான் சந்தோஷத்தில் உட்கார்ந்தேன். எனக்கு நடுக்கம் கிடையாது, நம்பர் உடனே நின்றது. மேடம் பார்த்தாள். போன மாதத்து நம்பரைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள்.

“மாமி ஆஜி சாப்பிட்டதையெல்லாம் நீங்களும் சாப்பிட்டீங்களா?”

“ருசி பார்த்தேன்!”

“எவ்வளவு?”

“தப்பு வரக் கூடாதுல்ல? ஒரு ஆள் உயிர் விஷயம்!”

அந்தப் பிள்ளைக்கு இரக்கம் கிடையாது. எனக்கு நெய் கட், வெல்லம் கட், பணியாரம் அடுத்த எடை வரைக்கும் கட் என்று மௌசியிடம் மராத்தியில் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டாள். மௌசியும் அடுத்த நிமிஷமே கட்சி மாறிவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் என் தட்டில் வேகவைத்த காரட் கிடந்தது. மாமி கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தார், ஒரு விரக்கடை தூரத்தில் கொண்டு போய் விட்டார், கண்ணை மூடி நிதானமாக மென்றார்.

“இன்னிக்கு மௌசி நெய் கொஞ்சம் கூடவே விட்டிருக்கா போலிருக்கே” என்றார் என்னைப் பார்த்து.

“பேசாமச் சாப்பிடுங்க மாமி.”

மாமி கிண்ணத்தைக் காலி பண்ணினார். பிறகு, இந்த ஹோமுக்கு வந்த நாளிலிருந்து எதையும் இரண்டாம் தடவை கேட்காதவர், நடுங்குகிற கையைத் தூக்கி, அடுக்களை வாசல் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

“மௌசி! இன்னும் ரெண்டு!”